பெள்ளியின் நாலாவது காம்பு

சுண்ணாம்பையும் மஞ்சளையும் சேர்த்துக் குழைத்தால் காரமாக ஒரு வாசம் எழும், நிறமும் சிவந்துவிடும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் அதைப் பார்த்து மற்றவர்கள் பூரிக்கும்போது எனக்கு மட்டும் அது மாட்டின் வீங்கிய மடியின் வாசம்.

தொரப்பள்ளியை அடுத்த எங்கள் ஊரில் நாட்டு மாட்டைப் பாலுக்காக வளர்ப்பதில்லை. பாலுக்குச் சீமை மாடு. நாட்டு மாடு கன்றுக்கு, அதிலும் காளைக் கன்றுக்கு. தை பிறந்தால் எருது விடும் விழா வந்துவிடும், காளை இல்லாத வீட்டை ஆண்பிள்ளை இல்லாத வீடு மாதிரிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை, நான் ஒருத்திதான். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அந்தக் குறையில் பாதியையாவது தீர்க்க கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பசுவைப் பிடித்து வந்தார். பெயர் பெள்ளி, கன்னடத்தில் வெள்ளி. "பா" என்று கன்னடத்தில் கூப்பிட்டால்தான் வரும், தமிழில் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது.

பெள்ளி காளைக் கன்றே ஈன்றது. அப்பா அன்றைக்கே முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு வந்து அறிவித்தார்: "கன்னு பால் மறக்கற வரைக்கும் ஒரு சொட்டு மனுஷன் வாயில படக்கூடாது."

முன்காம்புகள் கன்றின் வாய்க்கு அளவாக இருந்தன. பின்காம்புகள் இரண்டும் தடித்து வாழைக்காய் மாதிரித் தொங்கின. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு முன்னாலேயே போய் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அம்மாதான் முதலில் கவனித்தாள்.

"பின்னாடி ரெண்டும் கல்லாட்டம் இருக்குதுங்க. பீச்சிக் கீழ வுட்டுடலாம்."

"பசும்பாலைத் தரையில ஊத்தற வூடு வெளங்குமா?" என்றார் அப்பா.

குடிக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. அப்படியானால் அது எங்கேதான் போகும் என்று, பள்ளிக்கூடப் பாவாடையோடு நின்ற எனக்கே கேட்கத் தோன்றியது. கேட்டேன். "பெரியவங்க பேசறப்ப உனக்கின்னா?" என்று வாயை அடைத்துவிட்டார். பால் எங்கேயும் போகவில்லை, மடியிலேயே நின்றது.

சில நாளில் மடி சிவந்து அனலாகக் கொதித்தது, கன்று கிட்ட வந்தாலே பெள்ளி உதைத்தது. "கண்ணு பட்டுடுச்சி" என்றார் அப்பா. மடியை யாரும் பார்க்காதபடி சாக்கைக் கட்டி மறைத்தார், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தினமும் பூசினார். உள்ளே கட்டி நிற்கும் பாலுக்கு வெளியே எதைப் பூசி என்ன பயன்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்பா ஷிப்டுக்குப் போன ஒரு மதியம் அம்மா சாக்கை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சொம்பில் விழுந்தது பால் அல்ல, மஞ்சள் தண்ணீரும் தயிர் மாதிரிக் கட்டிகளும். அதை எடுத்துக்கொண்டுபோய் வயல் ஓரத்துப் பாம்புப் புற்றில் ஊற்றிவிட்டு வந்தாள். காலிச் சொம்போடு திரும்பும்போது, ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலில் நின்றார்.

"எங்க ஊத்தன?"

"புத்துல. சாமிக்கு ஊத்தனா தரையில ஊத்தன கணக்கு ஆவாது இல்ல?"

கெட்டுப்போன பாலைச் சாமிக்கு ஊற்றலாமா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கெட்டது யாரால் என்ற பேச்சு அடுத்து வரும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் ஊசி போட்டார். மறுபடி வந்து பார்த்தபோது, "ஒரு காம்பு போயிடுச்சு, மூணு தப்பிச்சுது. கன்னுக்கு மூணே தாராளம்" என்றார். எனக்கும் அம்மாவுக்கும் உயிர் வந்தது. அப்பாவோ, "மூணு காம்பு மாடு வூட்டுக்கு ஆவாதுங்க சார்" என்றார்.

"ஆவாத மாடாட்டமா வந்துது அது? நாம பண்ணது" என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். கன்று பால் மறந்ததும் மாட்டு வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். அவர் இழுத்தார், அதட்டினார், வாலை முறுக்கினார். பெள்ளி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் அப்பாவே வண்டிக்கு முன்னால் போய் நின்று "பா" என்றார். உடனே நடந்து போய் ஏறிக்கொண்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள். தெருவிலேயே மாடு கிடையாது, எல்லோருக்கும் பாக்கெட் பால்தான். போன வாரம் நான் போயிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "பாலு போவுது, பாலு போவுது" என்று கூடத்திலிருந்து அப்பா பதறினார். அம்மா அடுப்பின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"போவட்டும்" என்றாள்.