நெஞ்சு கிளியர் என்றார்கள்

எனக்கு மயஸ்தீனியா என்ற வருத்தம் இருப்பது, ஒரு கண்ணின் இமை விழுந்தபோதே தெரிந்துவிட்டது. நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பே மறித்துவிடும், வேலை செய்யச் செய்யத் தசை களைத்துப்போகும் என்று அப்போது விளக்கினார்கள். குளிசை போட்டால் இமை எழும்பும். அதோடு வாழப் பழகிக்கொண்டேன். மூச்சு முட்டத் தொடங்கியதைத்தான் பழகிக்கொள்ள முடியவில்லை.

மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதுக்குப் போனால் ஓதுவது பாதியில் அறுந்துவிடும். காலையில் பரவாயில்லை. மத்தியானம் மீன் வெட்டிச் சமைத்து முடிப்பதற்குள் என் குரல் மூக்கால் வரும். இரவில் கதிரையில் சாய்ந்தபடிதான் தூக்கம்.

முதலில் பார்த்த டொக்டர் தொய்வு, ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் அடிக்கும் பம்ப் தந்தார். அடித்தால் கை நடுங்கியதே தவிர மூச்சு மாறவில்லை. அடுத்தவர் வயிற்றில் கேஸ் என்றார். இன்னொருவர், இந்த வயதில் பெண்களுக்கு யோசனை கூடத்தான் செய்யும் என்று தூக்கக் குளிசை எழுதினார். மயஸ்தீனியா உள்ள ஆளுக்கு அதை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர்தான் திருப்பி அனுப்பினார். எங்கு போனாலும் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, ஒக்சிசன் நல்லாயிருக்கு என்றார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, நெஞ்சு கிளியர் என்றார்கள். அப்படியென்றால் எனக்கு ஏன் மூச்சு எடுக்க ஏலவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பினார்கள். என் உதடுகளுக்கே பலம் இல்லை. ஊதும் காற்றில் பாதி வாயோரத்தால் போனது. அறையில் ஆண்கள் இருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எனக்குக் கூச்சத்தில் முகம் எரிந்தது. அம்மா ஒழுங்காக முயற்சி செய்யவில்லை என்று முடிவு எழுதிவிட்டார்கள்.

கிளினிக்கில் நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். போகும் நாளில் குளித்து, நல்ல அபாயா உடுத்து, குளிசையை நேரத்துக்குப் போட்டு, வீட்டில் ஒரு வேலையும் தொடாமல் போவேன். உடம்பு அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். டொக்டர் நிமிர்ந்து பார்த்து, எப்படி அம்மா என்பார். அல்ஹம்துலில்லாஹ், சுகம் என்பேன். சுகம் விசாரித்தால் எங்களுக்கு வாயில் வருவது அதுதான். அவர் அதைக் கேட்டு, பழைய மருந்தையே எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஒருநாள் தங்கச்சி கூட வந்தாள். வெளியே வந்ததும், மருந்துக்கு நிற்கும் வரிசையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, மூச்செடுக்க ஏலாமத்தானே வந்தனீங்க? பிறகென்னத்துக்கு சுகம் எண்டு சொன்னனீங்க?"

"கேட்டா வேறென்ன சொல்றது? நன்றி கெட்டத்தனமா முறைப்பாடா வைக்கிறது?"

"நன்றிய அல்லாஹ்வுக்குச் சொல்லுங்க. இவருக்கு வருத்தத்தச் சொல்லுங்க. இவர் உங்கட கலியாணத்துக்கு வந்த ஆளா?"

வரிசையில் முன்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். எனக்குத் தங்கச்சி மீதும் கோபம், அந்தப் பெண் மீதும் கோபம்.

அடுத்த முறை என்னைப் பின்நேரம் கூட்டிப்போவதென்று தங்கச்சி முடிவெடுத்தாள். சமையல் முடித்த கையோடு, களைத்த முகத்தோடு, துறைமுகத்துப் பக்கமிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வெயிலில் ஓட்டோவில் போனோம். வேறொரு டொக்டர் இருந்தார், இளம் வயது. அவர் சுகம் விசாரிக்கவில்லை.

"எப்படிப் படுக்கிறனீங்க, அம்மா?"

அதற்கு அல்ஹம்துலில்லாஹ், சுகம் என்று சொல்ல ஏலாது.

"படுக்கிறல்ல, டொக்டர். கதிரையிலதான்."

அவர் பேனையை வைத்துவிட்டார். கட்டிலில் ஏறித் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார். ஏலாது என்றேன். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றார். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள், படுத்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது வெளியே தள்ள வேண்டிய வயிறு, உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. அவர் என் வயிற்றின் மேல் கை வைத்து அதைத் தங்கச்சிக்கும் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள, மூச்சு இழுக்கும் தசை களைத்துப்போயிருக்கிறது என்றார். நுரையீரலில் பிழை இல்லை. கிளிப் காட்டும் ஒக்சிசன் கடைசியாகத்தான் இறங்கும், அதுவரைக்கும் காத்திருக்க ஏலாது, இன்றைக்கே வார்ட்டில் தங்கி நிற்க வேண்டும் என்றார்.

மயஸ்தீனியாதான். முதல் நாளிலிருந்து எல்லோருடைய மேசையிலும் எழுதிக் கிடந்த அதே வருத்தம். இத்தனை மாதமாக விரலைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட என்னை ஒரு கட்டிலில் படுக்கவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அறைக்கு அறை கட்டில் கிடந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டொக்டரிடம் சத்தம் போட வேண்டும் போல் வந்தது. அதற்கு மூச்சு போதவில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்லிக் கையால் மட்டும் காட்டினேன்.