நாய்க்கு ஒன்றுமில்லை

கால்நடை வைத்தியம் என்பது, வலி இருக்கிறவன் வாய் திறக்கமாட்டான், வாய் திறக்கிறவனுக்கு வலி இருக்காது என்கிற விநோதமான தொழில். பதினோரு வருஷம் தென்னூரில் கிளினிக் வைத்திருந்தேன். அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு பைகளை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் வரை எங்கே நாய் தும்மினாலும் நான் போவேன்.

நாய், பூனை வளர்த்து என்னைப் போலவே அவதிப்படும் உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக் தெருமுனை திரும்பியதுமே நாய் நடுரோட்டில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்யும். கூடைக்குள் அடைபட்டு ஆட்டோவில் வந்த பூனையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், ஆட்டோக்காரர் ஓட்டிய லட்சணம்தான் கேட்கும், வியாதி கேட்காது. வீட்டில் அப்படி இல்லை. என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது, யார் பொய் சொல்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். "வீட்டுக்குப் போனால் என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அந்தப் பீற்றல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிடையர்டு கணக்கு வாத்தியாரின் காலுக்கே உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு அவ்வளவு மண்டைக்கனம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா? அதற்காக முதலில் இரண்டு வீடுகள்.

பரண்மேல் நோயாளி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பூனைக்குத் தடுப்பூசி. வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். "வீட்டிலேயே போட்டால் அதற்குப் பயமே இருக்காது" என்று போனில் நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததாம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆளைக் காணோம்.

பீரோவுக்குப் பின்னால் பார்த்தோம், ஃபிரிட்ஜை நகர்த்தினோம், கட்டிலைத் தூக்கினோம். கடைசியில் பரண்மேல் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு சாமானாக இறக்கினார். நான் கீழே நின்று வாங்கி வைத்தேன். அம்மியே இல்லாத அந்த வீட்டுப் பரணில் மூன்று அம்மிக் குழவிகள் இருந்தன. ஐம்பது நிமிஷம் கழித்து, தலையெல்லாம் ஒட்டடையோடு நான் போட்ட ஊசிக்கு நான்கு விநாடி ஆனது. அவர் மனைவி பூனையைப் பார்க்கவில்லை. காலியான பரணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரணை ஒழிங்க, பரணை ஒழிங்கன்னு ஒரு வருஷமா இவர்கிட்ட கெஞ்சிட்டு இருக்கேன். அடுத்த ஊசி எப்ப டாக்டர்?"

ஒரே ஒரு இட்லி

திருவெறும்பூரில், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டு பக் நாய். கிளினிக் இருந்த நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். மாதாமாதம் எடை ஏறும். மாதாமாதம் அவர், "நீங்க எழுதிக் குடுத்ததைத் தவிர ஒரு பருக்கை கூடப் போடறதில்லை சார்" என்று சத்தியம் செய்வார். நானும் தைராய்டு வரை சோதித்துப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அவர் மனைவி குரலைத் தாழ்த்தி, "காலையில ஒரே ஒரு இட்லி மட்டும் நான் வெப்பேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். ஹாலில் அவருடைய அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, டீயோடு ஒரே ஒரு பிஸ்கட் என்றார். மகள் மாடிப்படியில் வழிமறித்து, ஒரே ஒரு முட்டை என்றாள். சத்தியம் செய்தவரோ என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்து, ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரே ஒரு சிக்கன் துண்டு என்றார். யாரும் பெரிய பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றுதான். எல்லாரையும் ஹாலில் கூட்டி, பெயர் சொல்லாமல் பட்டியலை மட்டும் வாசித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள் மட்டும் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்த வீட்ல நான் மட்டுந்தான் ரெண்டு இட்லி போடறேனா?"

மடி கலைக்கும் நாய்

இப்படித் துப்பறிந்து துப்பறிந்து தலை கனத்துப்போயிருந்த சமயத்தில்தான் ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து கோமளம் மாமி கூப்பிட்டார். அவர் கணவர் சௌந்தரராஜன், எழுபத்தொரு வயது, கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டில் பிரவுனி என்று ஒரு லாப்ரடார். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. சமையல் நடக்கும் தளிகை அறைக்கும் பெருமாள் அறைக்கும் வாசற்படியோடு நின்றுவிடும், மரியாதையான நாய்.

புகார் இதுதான்: சார் ஸ்நானம் பண்ணிவிட்டு மடியாக வந்து உட்கார்ந்ததும், பிரவுனி ஓடி வந்து அவர் இடது காலை நக்கும். மடி போச்சு. மறுபடி ஸ்நானம். மறுபடி நக்கல். மூன்று வாரமாகத் தினம் மூன்று குளியல். நான் பிரவுனியைத் தலை முதல் வால் வரை பார்த்தேன். பல், காது, வயிறு, காய்ச்சல் எல்லாம் சரி. தின்னும் தட்டைப் பார்த்தேன், படுக்கும் கோணியைப் பார்த்தேன். சார் நாற்காலியில் வேஷ்டிக்குள் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியைத் தொடாமல், வலது காலையும் தொடாமல், இடது காலை மட்டும் ஏன் நக்குகிறது என்று இந்த மேதைக்குக் கேட்கத் தோன்றவில்லை. "மகன் இல்லாத ஏக்கம், பழக்கமாகிவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லி, நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழற்றக் கூடாது என்றேன்.

காபி வந்தது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. இந்த வெயிலிலும் தினம் பதினோரு மணிக்குச் சார் கோயிலுக்குப் போய் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவார் என்று மாமி பெருமையாகச் சொன்னார். கல் தோசைக்கல்லாகக் காயுமே, மற்றவர்களெல்லாம் நிழலுக்கு நிழல் தாவி ஓடுவார்களே என்றேன். சார் சிரித்தார்.

"எனக்கு மட்டும் சூடே தெரியறதில்லை டாக்டர். எல்லாம் பெருமாள் அனுக்கிரகம்."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாற்காலிக்கு அடியில்

பத்தாவது நாள் மாமி மறுபடி கூப்பிட்டார். பிரவுனி சாப்பிடவில்லை, சாரின் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்து கூம்பால் அவர் காலை முட்டி முட்டி அழுகிறது என்றார். போனேன். கூப்பிட்டால் வெளியே வரவில்லை. வேறு வழியில்லாமல் நானும் தரையில் உட்கார்ந்து குனிந்தேன். அப்போதுதான் அந்த வாடை அடித்தது.

நாயின் வாயைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு தரையைப் பார்த்தேன். சார் நடந்து வந்த வழியெல்லாம் டைல்ஸில் ஒன்று விட்டு ஒன்றில் ஈரமாக ஒரு கறை. "சார், இடது காலைக் காட்டுங்கள்" என்றேன். "உடம்பு சரியில்லாதது அதுக்கில்லையோ?" என்றவர், நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்து. கல் சுட்டுக் கொப்பளித்தது, குளியல் குளியலாக ஊறிப் புண்ணாகியிருக்கிறது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை என்று மாமி அப்போதுதான் சொன்னார். காலில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. அதைத்தான் அவர் அனுக்கிரகம் என்று நினைத்திருந்தார். நானும் காபி குடித்துக்கொண்டே ஆமோதித்திருக்கிறேன்.

புண்ணை நாய் நக்குவது நல்லதல்ல. நீங்கள் யாரும் நக்கவிடாதீர்கள். ஆனால் அந்த வீட்டில் விஷயம் தெரிந்திருந்தது அது ஒன்றுக்குத்தான், அதன் வாயைத்தான் நான் மூடிவிட்டுப் போயிருந்தேன். கூம்பைக் கழற்றினேன். "நாய்க்கு ஒன்றுமில்லை. நீங்கள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் காலே போய்விடும்" என்றேன். சார் வரமாட்டேன், நீங்களே ஏதாவது மருந்து போடுங்கோ என்றார். அவருடைய அண்ணா ஒரு விரலுக்காக உள்ளே போய், முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வெளியே வந்தவராம். கால் போனால் கோயில் எப்படிச் சுற்றுவது? நான் மிருக வைத்தியன், உங்கள் காலைத் தொட எனக்கு அதிகாரமில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"பிரவுனிக்குப் போன வருஷம் போட்டேளே, அந்தப் பவுடர் மிச்சம் இருக்கு. அதையே எனக்கும் போட்டுடுங்களேன். ரெண்டு பேரும் ஒரே அகத்துலதானே இருக்கோம்?"

பிரவுனிக்கு ஸ்கேன்

கெஞ்சிப் பார்த்தேன். மாமி அழுது பார்த்தார். மகன் பெங்களூரிலிருந்து போனில் கத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் என்னை வழியனுப்ப வந்த மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளினிக்குக்கு வரமாட்டேன்னு அடம் பிடிக்கற நாயை எல்லாரும் எப்படி டாக்டர் கூட்டிண்டு வருவா?" என்று கேட்டார். "வாக்கிங் என்று சொல்லி ஏமாற்றித்தான்" என்றேன். மாமி திரும்பிச் சாரின் நாற்காலியைப் பார்த்தார்.

பிறகு இருவரும் உள்ளே போனோம். பிரவுனிக்கு வயிற்றில் ஏதோ இருக்கிறது, நாளைக் காலை தில்லைநகரில் ஸ்கேன் எடுக்கவேண்டும், சார் கூட வந்தால்தான் அது அசையாமல் படுக்கும் என்றேன். இந்தத் தொழிலில் பொய் கேட்டே பழகிய நான், சொன்னது அதுதான் முதல் தடவை. தன் காலுக்காக வாசற்படி தாண்டமாட்டேன் என்ற மனுஷர், மறுநாள் ஏழு மணிக்கே திருமண் இட்டுக்கொண்டு, கையில் நாய்ச் சங்கிலியோடு வாசலில் தயாராக நின்றார். ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டியது. நான் பின்னாலேயே ஸ்கூட்டரில். சர்க்கரைக் கால் புண்ணுக்கென்றே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. வாத்தியார் இல்லையா, போர்டை மேலிருந்து கீழ் வரை முழுக்கப் படித்தார். மாமியைப் பார்த்தார். மாமி எங்கேயோ பார்த்தார். நான் சங்கிலியை வாங்கிக்கொண்டேன். "நீங்கள் வெளியே வரும்வரை பிரவுனியோடு இங்கேயே நிற்பேன், உள்ளே போகாவிட்டாலும் இங்கேயேதான் நிற்பேன்" என்றேன். பிரவுனி நடைபாதையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. நெடுநேரம் கழித்து அவர் காலை ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்தார்.

"நாப்பது வருஷம் பசங்களோட பொய்யைக் கண்டுபிடிச்சவன் நான். ஒரு நாயை முன்னால விட்டு என்னை இங்க இறக்கிட்டேளே!"

சுண்டுவிரல் கணக்கு

சுண்டுவிரல் போய்விட்டது. கால் தப்பியது. இன்னும் நான்கைந்து நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று சர்ஜன் சொன்னாராம். அந்த நான்கைந்து நாளைக் கேட்டு எல்லாரும் பெருமாளைச் சேவித்தார்கள். நான் மட்டும் அதற்கு முந்தைய பத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

யாரும் கூப்பிடாமல் ஒரு நாள் நானாகவே போனேன். இனி வெறுங்காலோடு ஓரடி வைக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. செருப்போடு பிரகாரத்துக்குள் போக முடியாது. ஆகவே சார் விடிகாலையில் தடித்த செருப்பு மாட்டிக்கொண்டு, பிரவுனியோடு உத்திர வீதி நான்கையும் சுற்றி வருகிறார். வீதியைச் சுற்றினாலும் நடுவில் இருப்பது பெருமாள்தானே என்று சமாதானம். ஆனாலும் பதினோரு மணி அடித்தால் சாரின் கண் வாசல் பக்கம் போகிறது என்று மாமி சொன்னார். நான் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, கூம்பு மாட்டியது, காலைப் பார்க்காதது, அனுக்கிரகத்துக்குத் தலையாட்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே பார்த்திருந்தால் விரலும் இருந்திருக்கும் என்றேன். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"விடை தப்பு டாக்டர், மார்க் கிடையாது. ஆனா ரெண்டாவது தடவை தரையில உக்காந்து போட்டேளே, அதுக்கு ஸ்டெப் மார்க் உண்டு."

ஆகவே சக அவதிப்படுகிறவர்களே, வீடு தேடிப் போய்ச் செய்யும் வைத்தியத்தின் தலையாய நன்மை எது என்று யாராவது என்னைக் கேட்டால், நோயாளி யார் என்பது இரண்டாவது தடவை போகும்போதாவது டாக்டருக்குத் தெரிந்துவிடுகிறது என்றுதான் சொல்வேன்.