கணவாய் முட்டையும் நான் சொன்ன பழியும்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் படிக்கிறவர்களுக்குச் சிரமம் தரும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

போன வருஷம் மாசி மாதம், தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் நடந்தது இது. இருபது வருஷம் விசைப்படகில் கூலிக்குப் போன நான், அப்போதுதான் சொந்தமாக ஆறு மீன் கூடுகள் வாங்கியிருந்தேன். கம்பிச் சட்டத்தில் வலை கட்டிய கூடு. கடலடியில் இறக்கி வைத்தால் மீன் உள்ளே நுழையும், வெளியே வர வழி தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணனும் கூடு வைத்துத்தான் பிழைக்கிறார். என் கூடுகளுக்குச் சற்றுத் தள்ளி அவருடையவை கிடக்கும்.

அது கணவாய் மீன் முட்டையிடும் காலம். கூட்டுக்குள் நுழைந்து, வெளுத்த திராட்சைக் குலை மாதிரி கம்பியில் கொத்தாக ஒட்டி வைக்கும். எனக்கு அது அழுக்காகப் பட்டது. ஒவ்வொரு முறையும் கூட்டைக் கரைக்குக் கொண்டுவந்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித்தான் மறுபடி இறக்குவேன்.

அண்ணனுக்குக் கூடை கூடையாகக் கணவாய் கிடைத்தது. எனக்கு ஒன்று, இரண்டு. சில நாள் அதுவும் இல்லை. நான் போவதற்கு முன்பே என் கூட்டைத் திறந்து எடுத்துவிடுகிறார் என்று மனதில் விழுந்துவிட்டது. நான் அதிகம் பேசாதவன். உள்ளேயே வைத்திருந்து, ஒரு நாள் மீன் ஏலம் விடும் இடத்தில், “அது என் கூட்டுக் கணவாய், களவாண்டது” என்று கத்திவிட்டேன். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். ஊர்க் கமிட்டியில் திருட்டு என்று முடிவானால் அவர் தொழிலுக்கே போக முடியாது.

அவர் சண்டைக்கு வரவில்லை.

“ஏலே, என் கூட்டை உன் இடத்துல வை. உன் கூட்டை என் இடத்துல வை. மூணு நாள் நான் கடலுக்கே வரல. நீயே போய்ப் பாரு.”

அந்த மூன்று நாளும் எல்லார் கண்ணிலும் படும்படி கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் போய்த் தூக்கினேன். என் சுத்தமான கூடுகளில் ஒரு கணவாய்கூட இல்லை. என் இடத்தில் கிடந்த அவர் கூடுகளில் நாலும் ஐந்துமாக இருந்தன. கம்பியெல்லாம் முட்டைக் கொத்து. பழையவற்றுக்கு நடுவே புதிதாக ஒட்டியவை இன்னும் மெத்தென்று இருந்தன. முட்டை இருக்கும் இடம் பார்த்துத்தான் அடுத்த கணவாயும் முட்டையிட வருகிறது. யாரும் திருடவில்லை. வர வேண்டியதை நானேதான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

“உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமாண்ணே?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்கலே தெரியும்? தேய்க்க மடி, ஒரே சோம்பல், அதான் அப்படியே போட்டேன்” என்று சிரித்தார்.

மறுநாள் ஏலம் விடும் இடத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏலம் கூறுகிறவர் விடவில்லை.

“அன்னைக்கு ஹார்பர் வரைக்கும் கேட்டுதே, இன்னைக்கு என்னவே வாய்க்குள்ள முணங்குதீரு? சத்தமாச் சொல்லும்வே!”

கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

“போதும்ல, கணவாய் கிடந்து காயுது” என்றார் அண்ணன்.

நான் பழி சொன்ன அன்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேர், தப்பு என்னுடையது என்று சொன்ன அன்று அங்கே இல்லை; அவர்கள் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்ற நினைப்பு இன்றும் போகாததால்தான், தெரிந்த எழுத்தில் இதை எழுதி அனுப்புகிறேன்.

ஜூன் 26, வியாழக்கிழமை.