தேய்வதற்கு முன் என்ன சைஸ்

என் மனைவிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி. அடுத்த வாரம் திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும். அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுத்து முடிப்பதற்குள் நான் அறிவித்துவிட்டேன்.

"நம்ம ஜீப்புலயே போயிடலாம்."

"பஸ்ஸு இருக்குதுங்க" என்றாள்.

என் பெருந்திட்டங்கள் பலவற்றை இரண்டே சொல்லில் அடக்கம் செய்தவள் அவள். இந்த முறை நான் அசையவில்லை. அசையவும் முடியாது. பத்து வருடமாக அந்த ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருப்பதற்கு நான் சொல்லிவந்த ஒரே நியாயம், "இது மலைக்குன்னே கட்டின வண்டி" என்பதுதான். அந்தப் பத்து வருடத்தில் அது ஏறிய அதிகபட்ச உயரம், வாட்டர் சர்வீஸ் கடையின் சிமெண்ட் மேடை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரைக்கும் ரோடு நன்றாக இருந்ததால் வண்டியும் நன்றாக இருந்தது. மலை தொடங்கியதும் அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதல் வளைவில் கடக். இரண்டாவது வளைவில் கடக், முடக், அதற்குப் பிறகு எழுத்தில் கொண்டுவர முடியாத ஒன்று.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி. நிறுத்தினேன். இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தாள். வகுப்பில் பேசியவன் யார் என்று தேடும் பார்வை.

"கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் ஏத்திக்கினு போற டெம்போ மாதிரி இருக்குது."

"மலைன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்."

"கொஞ்சமா? நீங்க கீழ கிளம்பும்போதே மேல இருக்கறவங்களுக்கு எச்.எம். வர்றாங்கன்னு தெரிஞ்சிடும். புள்ளைங்க வரிசையில நின்னு, பிரேயர் முடிச்சி, கலைஞ்சே போயிடும்."

திரும்பும்போது தீர்ப்பைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் கெடு. அதற்குள் சத்தம் போனால் என்னோடு வருவாள். போகாவிட்டால் காலை பஸ். அதற்கப்புறம் இந்த வண்டியைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இருக்கக் கூடாது. வேண்டுமானால் அதன்மேல் அவரைக்கொடி ஏற்றிக்கொள்ளலாம்.

துருகம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். என் வயதுக்காரர். ஜீப்புக்குக் கீழே போனவர் அங்கிருந்தபடியே சிரித்தார். மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது எனக்கு. சற்று நேரம் சுத்தியலால் தட்டும் சத்தம். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தது. கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு, ஓரமெல்லாம் பிய்ந்து, மூன்று நாள் பழைய மெதுவடை போல ஒன்று.

"புஷ்ஷு சார். பின்னாடி ஆறும் போயிடுச்சி."

ஸ்பிரிங் பட்டையின் முனையில் ஒரு வளையம் இருக்கிறது. அதற்குள் ஒரு போல்ட் போகிறது. இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று மோதிச் சண்டை போடாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரப்பர்தான் புஷ். எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு. இருக்கும்வரை அவரை யாரும் கவனிப்பதில்லை.

"கடையில கேட்டு வாங்கிக்கினு வாங்க, மாட்டிடலாம்" என்றார். ஏதோ கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இங்கேதான் நான் முதல் தவறைச் செய்தேன். கிரீஸில் ஊறிய அந்தப் பழைய புஷ்ஷைப் பையில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பொருளை அங்கேயே வைத்துவிட்டுப் போனேன். இரண்டு பீரோ நிறையப் புத்தகம் படித்தவனுக்கு ஒரு படம் போதாதா?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தலையை உயர்த்தாமலேயே கேட்டார்.

"இன்னா வண்டி?"

"ஜீப்."

"எந்த ஜீப்பு?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பத்து வருடமாகக் காத்திருந்தேன். சொன்னேன். சேஸிஸ் ராணுவ ஏலத்தில் போன பழைய ஜீப்பினுடையது. இன்ஜின் ஒரு டீசல் வேனினுடையது. முன் அச்சு ஒன்று, பின் அச்சு வேறொன்று. ஸ்பிரிங் பட்டைகள் எதிலிருந்து வந்தவை என்பது அதைக் கட்டிய வெல்டருக்கு மட்டும் தெரியும். அவர் இப்போது குவைத்தில் இருக்கிறார்.

கடைக்காரர் தலையை உயர்த்தி என்னை முழுதாகப் பார்த்தார்.

"அது வண்டி இல்ல சார், கூட்டணி ஆட்சி. எந்தக் கட்சி ஆபீசுல போய்க் கேப்பீங்க?"

படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சிறிதாக்கிப் பார்த்தார்.

"பெருசு பண்ணா பெருசா தெரியுது, சிறுசு பண்ணா சிறுசா தெரியுது. சைஸு எவ்ளோ?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன்.

"சாம்பிள் இல்லாம கடைக்கி வரலாமா சார்? டைலர்கிட்ட போட்டோ கொடுத்து சட்ட தைப்பீங்களா?"

கடையில் நின்றுகொண்டிருந்த நாலு பேரும் திரும்பி என் சட்டையைப் பார்த்தார்கள்.

மறுநாள் சாம்பிளோடு போனேன். வெர்னியர் வைத்து அளந்தார். ஒரு பக்கம் அளந்தால் ஓர் அளவு. கொஞ்சம் திருப்பி அளந்தால் வேறு அளவு. இன்னும் திருப்பினால் மூன்றாவது. தேய்ந்து தேய்ந்து அது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

"இது தேஞ்ச சைஸு. தேயறதுக்கு முன்னாடி இன்னா சைஸு இருந்துச்சி?"

சில தத்துவ நூல்களை நான் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். இப்படியொரு கேள்வியை ஒன்றும் எழுப்பியதில்லை. தேய்வதற்கு முன் என்ன சைஸ் என்று என்னைப் பற்றிக் கேட்டிருந்தாலாவது கல்யாண ஆல்பத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

அவர் ஊகத்தில் மூன்று விதம் எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். ஒன்று வளையத்துக்குள் நுழையவில்லை. ஒன்று நுழைந்து மறுபக்கம் விழுந்தது. மூன்றாவது உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் ஓட்டையில்தான் போல்ட் போகவில்லை. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்து பத்தாவதில் நின்றுபோகும் வரனைப் போல அதை மட்டும் ஒதுக்கிவைக்க எனக்கு வருத்தமாக இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் இணையத்தில் கழிந்தன. உலகமெங்கும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் மனைவிகளும் பஸ்ஸில் போகிறார்களா என்று தெரியவில்லை. ரப்பருக்குக் கடினத்தன்மை என்று ஓர் அளவு உண்டு, அதற்கு எண் உண்டு, அதை அளக்கத் தனிக் கருவி உண்டு என்றெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து, வெள்ளிக்கிழமை மெக்கானிக்கிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கடைக்காரர் கொடுத்தவற்றில் ஒன்றை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"இது கல்லு. பல்லே பதியல. மலையில போட்டீங்கன்னா இடுப்பு போயிடும்."

அடுத்ததைக் கடித்தார்.

"இது பன்னு. பல்லு உள்ள போயி அங்கியே நின்னுக்குது. ஒரு மாசம் தாங்காது. பல்லு பதியணும், எடுத்தா தழும்பு மறையணும். அதான் சார் கணக்கு."

குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கருவி அவர் வாயிலேயே இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில், தோல்வியை ஒப்புக்கொள்ளும் முகத்தோடு கடைசி முறையாகக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், டீ சொன்னார். டீயைக் குடித்துக்கொண்டே சாம்பிளை உருட்டி உருட்டிப் பார்த்தவர், "இந்த மாதிரி ரப்பர நான் வேற எதுலயோ பாத்திருக்கேன்" என்றார். டீ முடிந்தபோது நினைவு வந்துவிட்டது. "சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி மில்லுல. சல்லடையில போடுவாங்க. அங்க போய்ப் பாருங்க."

ஜீப் நான்கு கல்மேல் நின்றுகொண்டிருந்ததால் சின்னசேலத்துக்குப் பஸ்ஸில் போனேன். பஸ் வசதியாகத்தான் இருந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை.

ஆலைக்குள் நுழைந்ததும் மரவள்ளிக்கிழங்கின் புளித்த வாசனை. எல்லாவற்றின்மேலும் வெள்ளைப் பொடி. புருவம்கூட வெளுத்திருந்த ஒரு ஃபிட்டர், அரைக் கட்டில் அகலத்துக்கு இருந்த சல்லடை ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அது இடைவிடாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பையிலிருந்து சாம்பிளை எடுத்து நீட்டினேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பாடம் படித்திருந்தேன்.

"எந்த மில்லுண்ணா?" என்றார்.

"மில் இல்லைங்க. ஜீப்."

அவர் சாம்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜீப்புல மாவு சலிக்கிறீங்களா?"

விவரத்தைச் சொன்னேன். மனைவி, பதவி உயர்வு, இரண்டாவது வளைவு, ஞாயிற்றுக்கிழமைக் கெடு. ஸ்பிரிங் பட்டையைவிட மனைவியைப் பற்றிச் சொன்ன பகுதிதான் அவருக்கு உடனே புரிந்தது. சல்லடையின் கால்களைக் காட்டினார். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரப்பர் புஷ். புதிதாக ஒன்றை எடுத்து என் சாம்பிளின் பக்கத்தில் வைத்தார். நீளம் மட்டும் அரை விரல் அதிகம்.

"மலை தாங்குமா?" என்றேன்.

"இந்தச் சல்லட காலயில ஆட ஆரம்பிச்சா கரெண்டு போனாத்தான் நிக்கும். ஒங்க மலை ரோடெல்லாம் இதுக்குத் தாலாட்டுண்ணா."

நான் அந்தப் புஷ்ஷை வாங்கி, சட்டையில் துடைத்துவிட்டுக் கடித்துப் பார்த்தேன். பல் பதிந்தது. தழும்பு மறைந்தது. வாயெல்லாம் கிழங்கு மாவு. ஃபிட்டர் என்னைத் தடுக்கவில்லை. ஜீப்பில் வருகிறவர்களின் பழக்கம் இது என்று நினைத்திருப்பார்.

அவரே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெல்ட்டும் பேரிங்கும் விற்கும் கடைக்கு வழி சொன்னார். போனேன், கேட்டேன். அந்தக் கடைக்காரர் என்ன வண்டி என்று கேட்கவில்லை, எந்த வருடம் என்று கேட்கவில்லை, "எத்தினி?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஆக்சா பிளேடால் நீளத்தைக் குறைத்தார். பாத்திரம் விளக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ரப்பரை அதில் முக்கி, வளையத்துக்குள் வைத்து, இடுக்கியில் இறுக்கினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. ஆறாவது உட்கார்ந்தபோது மணி நாலு. வண்டியைக் கீழே இறக்கி, பின்பக்கம் ஏறி நின்று குதித்தார். சத்தம் இல்லை. என்னையும் குதிக்கச் சொன்னார். அதற்கும் இல்லை.

"ஒண்ணு சொல்றேன் சார். பெரிய சத்தம் போயிடுச்சி. இனிமே சின்னச் சின்னச் சத்தமெல்லாம் காதுல வுழும். அதுக்கெல்லாம் என்கிட்ட வராதீங்க."

திங்கட்கிழமை காலை மனைவி புதுச் சேலையில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பையின் வாயில் பஸ் நேரம் எழுதிய சீட்டு எனக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நான் ரோட்டைப் பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கிவந்தது, ஒதுங்கி வழிவிட்டேன். ஜவ்வரிசியின் மேல் எனக்குப் புது மரியாதை ஏற்பட்டிருந்தது.

ஐந்தாவது வளைவில் அவள் கேட்டாள்.

"வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"ஏறிக்கினு இருக்குது."

"ஓ" என்றாள். சற்றுக் கழித்து, "கதவுல ஏதோ கிச்சு கிச்சுன்னுது" என்றாள். இன்னும் கொஞ்சம் போனதும், "நீங்க ஓட்டும்போது பாடுவீங்களா? இத்தன நாளா எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். பாட்டை நிறுத்தினேன்.

மேலே பனி விலகாமல் இருந்தது. சாமைக் கொல்லைகளைத் தாண்டி, பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரிந்ததும், "இங்கியே நிறுத்துங்க" என்றாள். கேட்டுக்கு இன்னும் நூறு தப்படி இருந்தது.

"ஏன்? அதான் சத்தமே இல்லையே."

"சத்தம் இல்ல. பாக்க எப்படி இருக்குதுன்னு எறங்கி ஒரு தடவ பாருங்க."

இறங்கிப் பார்க்கவில்லை. எனக்கே தெரியும். முன்பக்கம் பச்சை, பின்பக்கம் சிவப்பு, கதவு இரண்டும் இரண்டு குடும்பம்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சேலை மடிப்பைத் தட்டிச் சரிசெய்தாள். தலைமையாசிரியையின் நடையில் பத்தடி போனவள் திரும்பினாள்.

"சாயங்காலம் நாலரைக்கு வந்துடுங்க. இங்கியே நில்லுங்க, கேட்டுகிட்ட வராதீங்க."

தலையாட்டினேன். கீழே இறங்கி மறுபடி ஏறுவதற்குப் பதிலாக அங்கேயே ஒரு பலா மரத்தடியில் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கீழே போகும் பஸ் நாலேகாலுக்கே பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு வந்து போய்விடும். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், நேரத்தை எழுதி வைத்திருந்ததே அவள்தான்.