சிசிலி ஐந்து இரவு, அக்கா இரண்டு இரவு

மால்டா நாட்டில் கோசோ என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. என் அக்கா ரோஸ்லின் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருக்கிறேன். நாங்கள் நேரில் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. அவள் எங்கள் ஊர் தூத்துக்குடிக்குப் போகிற மாதத்தில் எனக்கு லீவு இருக்காது. அம்மா இறந்தபோதுகூட, நான் திரும்பி விமானம் ஏறிய அன்றுதான் அவள் வந்து இறங்கினாள். அம்மாவுக்காக நாங்கள் சேர்ந்து அழுததே இல்லை. அதனால் ஏப்ரலில் மகள் மியாவுக்கு ஸ்பிரிங் பிரேக் விட்டதும் நான், மனைவி ஜெனி, மியா மூவரும் கிளம்பினோம்.

முதலில் விசா. கிரீன் கார்டு இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மால்டாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, இத்தாலிக்குக் கிடைத்தது. இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நான் எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தாலியின் சிசிலித் தீவில் கட்டானியா இரண்டு இரவு, தவோர்மினா ஒன்று, சிராகுசா இரண்டு, கடைசியில் கோசோ இரண்டு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு நிறம்.

"அக்காவை முதல்ல பாத்துட்டு அப்புறம் சுத்தலாமே?" என்றாள் ஜெனி.

"ரூட் இடிக்குது ஜெனி. அவ்ளோ தூரம் போறோம், எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம்" என்றேன். இந்த 'கவர் பண்ணுவது' நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

வெள்ளி மாலை நூவர்க்கில் விமானம் ஏறி, ரோம் வழியாக சனி மாலை கட்டானியாவில் இறங்கினோம். சிசிலியைக் குறை சொல்ல மாட்டேன். எட்னா எரிமலை, தவோர்மினாவின் கடல், சிராகுசாவின் பழைய தெருக்கள் எல்லாமே அழகு. கட்டானியாவிலிருந்து சிராகுசாவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், தலைக்கு ஏழெட்டு யூரோ. போகிற இடத்தில் எல்லாம் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அனுப்பிய மறு நிமிடமே அவளிடமிருந்து ஓர் இதயம் வந்துவிடும். டூட்டி நேரத்தில் இப்படிப் போனும் கையுமாக இருக்கிறாளே என்று ஜெனியிடம் கேலிகூடச் செய்தேன்.

வியாழன் காலை பொட்சால்லோ துறைமுகம். சிராகுசாவிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து மால்டாவின் வல்லெட்டாவுக்குக் கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். கவுண்டரில் இருந்த பெரியவர் டிக்கெட்டைப் பார்க்காமல் கடலைக் காட்டினார். "விண்ட். டுமாரோ" என்றார். கட்டானியாவுக்கே திரும்பிப் போய் விமானம் பிடிக்கலாமா என்று பார்த்தேன், அன்றைக்கு இடமே இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"காத்து ஓயட்டும்ல. பிள்ளைய வச்சிக்கிட்டு அவசரப்படாத. பத்திரமா வா" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

மறுநாள் ஒன்பதரைக்குக் கப்பல் கிளம்பியது. வல்லெட்டாவிலிருந்து கோசோவுக்கு நேராக ஒரு வேகப்படகு உண்டு, முக்கால் மணி நேரம். காற்று மிச்சம் இருந்ததால் அன்று அது ஓடவில்லை. டாக்ஸியில் வல்லெட்டா இருக்கும் தீவின் மறுகோடிக்குப் போய் (முப்பத்தைந்து யூரோ) பெரிய ஃபெர்ரியைப் பிடித்தோம், இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். மதியம் ஒன்றரைக்குக் கோசோவில் இறங்கினோம். அக்கா கரையில் நின்றிருந்தாள். மியா என் சட்டையை இழுத்து, "ஷீ இஸ் ஸோ ஷார்ட், டாடி" என்றாள். போனில் முகம் மட்டும்தானே தெரியும். எனக்குமே அவள் உயரம் மறந்துபோயிருந்தது.

திரும்பும் விமானத்துக்காக மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். ஆக, பதினெட்டரை மணி நேரம். மீன் குழம்பு வைத்தாள். மியாவுக்குத் தலை பின்னினாள். அம்மாவைப் பற்றி ஆரம்பித்தோம், ஆனால் மியாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது, பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. பேச்சு பாதியிலேயே நின்றது.

காலையில் ஃபெர்ரிக்கு நடக்கும்போது கேட்டேன், "இன்னிக்கு என்ன ஷிப்ட்க்கா?"

"திங்கக்கிழமைதான் டூட்டி. நீ ஒம்பது நாளுன்னு சொன்னேல்லா, ஒம்பது நாளும் லீவு போட்டுட்டேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "அப்போ இத்தனை நாளும் வீட்லயாக்கா இருந்த?"

"ஆமா. நீ அனுப்புன படத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சிசிலிக்கு நீ வர முடியாதோன்னு..."

"ஏம்ல முடியாது? எங்கிட்ட இந்த ஊரு கார்டு இருக்குல்லா. இத்தாலிக்கு விசாவே வேண்டாம். நீ கூப்புட்டா வரலாம்னு பேக்கெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்" என்று சிரித்தாள்.

என் ஷீட்டில் அவளை ஓர் ஊராகத்தான் போட்டிருந்தேன். கூட வரக்கூடிய ஆள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஃபெர்ரியில் நான் அழுததைப் பார்த்து, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரலில் கப்பலை நம்பினால் ஒரு நாள் உபரி வையுங்கள். ஆள் பார்க்கப் போவதாக இருந்தால் அதைக் கடைசியில் வைக்காதீர்கள். ஷெங்கன் நாட்டில் ரெசிடென்ஸ் கார்டு வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தொண்ணூறு நாள் வரை விசா இல்லாமல் வரலாம். அவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அக்காவுக்கு இந்த வருட லீவு தீர்ந்துவிட்டது. இனி அடுத்த வருட வசந்தத்தில்தான். போன வாரம் போனில், "அடுத்த தடவை எங்க போகலாம்க்கா? நீயே சொல்லு" என்றேன்.

"எங்கயும் வேண்டாம்ல" என்றாள். "வந்து இரு."