வண்டிக்காரரின் செருப்புச் சத்தம்

கல்நெஞ்சுக்காரராம். குதிரைக்கு ஊசி போடுகிற நேரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி நழுவிவிட்டாராம், கடைசியாகத் தடவிக்கூடக் கொடுக்கவில்லையாம். தெரு முழுக்க இதே பேச்சுதான். லாயத்துக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்களுக்கு வாய் மட்டும் காது வரைக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அந்தப் பெட்டைக் குதிரையை வண்டிக்காரர் சீமாட்டி என்றுதான் கூப்பிடுவார். தீவனத்தை அவர் கையால் வைத்தால்தான் அது வாய் வைக்கும். முன்னங்கால் குளம்புகளுக்குள் நோவு கண்டது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வலியிலேயே வைத்திருக்க வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னார்.

"நான் போனா எழுந்து நிக்கிறா டாக்டர். காதை விடைச்சுக்கிட்டு என்னைப் பாக்குறா. அவ்வளவு வலி இருந்தா நிப்பாளா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான். சமையலறை ஜன்னல் வழியாக மற்றதையெல்லாம் பார்த்தவள் அவர் மனைவி.

"உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் எழுந்திரிக்குது. நீங்க அந்தப் பக்கம் போனதும் சரிஞ்சு விழுது. ஒருநாளாவது செருப்பில்லாம வந்து பாருங்க."

"உனக்கு அவமேல பொறாமை."

"ஆமா, சக்களத்தி. எனக்கு ஒருநாள் தலை வாரி விட்டிருப்பீங்களா?"

அன்று சாயங்காலம் அவர் வெறுங்காலோடு வந்து ஜன்னலோரம் நின்றார். சீமாட்டி கழுத்தை நீட்டித் தரையில் கிடந்தாள். விலா ஏறி ஏறி இறங்கியது. வைத்த புல் வைத்தபடி இருந்தது. அவர் அடக்க முடியாமல் இருமிவிட்டார். உடனே அவள் முன்னங்கால்களை ஊன்றினாள். சறுக்கினாள். மறுபடி ஊன்றினாள். உடம்பெல்லாம் நடுங்க எழுந்து, காதை விடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றாள்.

அவர் அழவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார். மறுபடியும் மொண்டு குடித்தார். பிறகு, "டாக்டரை வரச் சொல்லு," என்றார்.

காலையில் டாக்டர் வந்தார். "தலைமாட்டுல உக்காருங்களேன். பழகின கை இருந்தா அதுக்கும் ஆறுதலா இருக்கும்."

"நான் இருந்தா எழுந்திருப்பா," என்று கிசுகிசுத்தார் வண்டிக்காரர். சீமாட்டி அப்போதுதான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இருமல் வராமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வாசற்கதவைத் தாண்டி நடந்தார்.