முப்பத்தெட்டாம் நம்பர் கஞ்சி

புதுப் பொருள் உருவாக்குகிற வேலை என்பது, கடைசியில் ஜனங்கள் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு "இதுல என்ன இருக்கு, நானே செஞ்சிருப்பேனே" என்று சொல்வதற்காக ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொள்வது. சோப்போ, செருப்போ, செல்போன் செயலியோ, இந்தத் துறையில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள்.

நான் காரைக்காலில் ஒரு மசாலாக் கம்பெனியில் இருக்கிறேன். முதலாளி பத்து வருஷம் அபுதாபியில் இருந்துவிட்டு ஊர் திரும்பி இதை ஆரம்பித்தவர். போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் நோன்புக் கஞ்சி ஆகிற மாதிரி ஒரு பாக்கெட் வேண்டும். அடுத்த நோன்புக்கு அது வளைகுடாக் கடைகளில் இருக்க வேண்டும். அதற்குக் கப்பலேற்றுகிற கணக்கில், பொங்கலுக்குள் பக்குவம் முடிவாகிவிட வேண்டும். "ஆவலைன்னா அந்த லேப் ரூமுல இன்னொரு மிளகா மெஷினைப் போட்டுடுவேன்மா, நீ பில் போடுற எடத்துல உக்காந்துக்கலாம்" என்றார், ரொம்ப அன்பாக. பில் போடுகிற இடம் மிளகாய் மூட்டைகளுக்கும் கக்கூஸுக்கும் நடுவில் இருக்கிறது. நாலு வருஷம் உணவுத் தொழில்நுட்பம் படித்தது அங்கே உட்காரவா?

வேலைக்கான தகுதிகள்

இந்த வேலைக்கு நான் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதிகள் படைப்பாற்றல், சந்தை அறிவு, குழுவாகப் பணியாற்றும் பண்பு, சிக்கல் தீர்க்கும் திறன். நாலுக்கும் நாலு பக்கம் பதில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கிண்ணம் மிளகாய்த்தூளை என் பக்கம் தள்ளி, "எது பழசு?" என்றார்.

முதல் கிண்ணத்தை மோந்தேன். பாருங்கள், தும்மல் பிடித்துக்கொண்டது, அடுத்தடுத்து ஏழெட்டு. மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு இரண்டாவதை மோந்தால் சும்மா சிவப்பு மாவு. இதுதான் பழசு என்று கையைக் காட்டினேன். அவர் என் விண்ணப்பத்தை மடித்து மேஜையில் போட்டார்.

"என்னென்னமோ தெறமையெல்லாம் எழுதிக்கிட்டு வர்றாங்க, மூக்கு இருக்குன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்குறாங்க. திங்கக்கெழமை வந்துடும்மா."

பெண் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊர் குரும்பகரம். அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் அப்பாவுக்கு என் கல்யாண ஞாபகம் வந்துவிடும். அப்படி ஒரு முறை வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார். புதுசாப் பொருள் கண்டுபிடிக்கிற வேலை என்றேன். இப்போ என்ன கண்டுபிடிக்கிறே என்றார். கஞ்சி என்றேன். என் அம்மா அடுப்படியிலிருந்து முறைத்தாள். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரே கஞ்சியை அரிசி நொய்யின் அளவு மாற்றி, வெந்தயம் மாற்றி, தேங்காய்ப்பால் மாற்றி இதுவரை ஒன்பது தடவை செய்திருக்கிறேன், சரியாக வரவில்லை என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தச் சம்பந்தம் ஒத்துவரவில்லை, எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒம்போது தடவை வெச்சும் கஞ்சி வரலைன்னா, பாவம், அதுக்குப் போயி சம்பளமும் குடுக்குறாங்களே!"

நல்லாருக்கு

ருசி பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? தினமும் காலை பதினோரு மணிக்குப் பேக்கிங் பிரிவிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சின்னக் கப்பில் கஞ்சி கொடுத்தேன். கையில் ஒரு படிவம். மணம், குணம், பதம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தேன். பத்துப் பேரும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து, "நல்லாருக்குங்க மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனால், கறிவேப்பிலைச் செடியடியில் வெள்ளையாக ஒரு குட்டைக் கஞ்சி.

கையில் கொடுத்ததை முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்ல இந்த ஊர் மனிதர்களுக்கு வராது. நல்ல பழக்கம்தான், என் தொழிலுக்குத்தான் வேட்டு. அன்றே படிவத்தைக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு கப்பில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மிச்சம் இருந்தால் பட்டையைக் கூட்டினேன், கிராம்பைக் கூட்டினேன், பூண்டு, நெய், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் கூட்டினேன். மிச்சம் கொஞ்சம் குறைந்தது, உடனே இன்னும் கூட்டினேன். இருபத்தாறாம் நம்பர் கஞ்சியை ஒரு வாய் குடித்த சுரேஷ், விற்பனை பார்க்கிற பூவத்துப் பையன், கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தான்.

"மேடம், இதை இன்னும் ரெண்டு கிண்டு கிண்டுனா பிரியாணின்னே வித்துடலாம்."

பீரோவில் வெயில்

பாக்கெட் ஆறு மாசம் கெடாமல் நிற்குமா என்று பார்க்க ஆறு மாசம் காத்திருக்க முடியாது. சூடான பெட்டிக்குள் வைத்துச் சில வாரங்களிலேயே அதற்கு வயசாக்கிப் பார்ப்போம். பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே இயந்திரம் உண்டு. எனக்கு வாய்த்தது உள்ளே குண்டு பல்பு எரிகிற பழைய இரும்பு பீரோ. தேங்காய்ப்பால் பொடி சேர்த்த அரிசி மாவைப் பாக்கெட் போட்டு அதில் அடுக்கி, காறல் வாடை வருகிறதா என்று வாராவாரம் மோந்து பார்ப்பேன். ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை பீரோவைத் திறந்தேன், குப்பென்று மீன் வாடை. தேங்காய் கெட்டால் மீன் வாடை வருமா என்று குறிப்புகளையெல்லாம் புரட்டினேன். அப்புறம்தான் மேல் தட்டைப் பார்த்தேன். பேப்பர் விரித்து, வரிசையாக வாளைக் கருவாடு.

பேக்கிங்கில் இருக்கிற செல்வியுடையது, காரைக்கால்மேட்டுப் பெண். என் ஐந்து வாரம் போச்சு, எல்லாப் பாக்கெட்டிலும் வாடை ஏறிவிட்டது, இனி மாவை முதலிலிருந்து வைக்க வேண்டும், பொங்கலோ ஓடி வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்டேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. கருவாடு மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"நாலு நாளா மழை விடலைங்க மேடம். ஊரு பூரா தேடிட்டேன், வெயிலு உங்க பீரோவுலதான் இருந்துச்சு."

முதல் சரக்கு

மார்கழி பிறந்துவிட்டது. மறுபடி வைத்த மாவு பீரோவில் நன்றாகவே நின்றது. மசாலா அளவுதான் பிடிபடவில்லை. முப்பத்தேழாம் நம்பர் கஞ்சியைக் கொண்டுபோய்ப் பதினோரு மணிக்கு நீட்டினேன். ஜெமீலா என்று ஒரு பெண், என் வயசுதான், புருஷன் ஷார்ஜாவில். கப்பை வாங்கி அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டாள். முப்பத்தேழு தடவை தோற்றவளுக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. "குடிச்சுப் பாக்கக்கூட மனசு வரலையா?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதறவில்லை. இன்னைக்கு நோன்பு என்றாள். ரமலானுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கிறதே என்றேன். போன ரமலானில் விட்டுப்போன நாட்களை, அடுத்தது வருவதற்குள் நோற்று முடிக்க வேண்டுமாம், களா நோன்பு என்று பெயராம். வேலை முடிந்து போகிற வழியில் சொல்லிக்கொண்டு வந்தவள், சட்டென்று நின்றாள்.

"சொல்றேன்னு கோச்சுக்காதீங்க மேடம். பத்தே முக்காலுக்கு எல்லாரும் டீயும் வடையும் முழுங்கிட்டு வர்றாங்க, அந்த வாய்க்குக் காரம்தான் வேணும். நோம்புக் கஞ்சிக்கு மொத சரக்கே நோம்புதானுங்களே!"

பாக்கி யாருக்கு?

முப்பத்தேழு கஞ்சியை நான் தப்பான நாக்குக்கு ஆக்கியிருக்கிறேன்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வழியும் அதிலேயே இருந்தது. பேக்கிங்கில் ஜெமீலாவைப் போல ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு நோன்பு பாக்கி. எல்லோரும் ஒரே நாளில் பிடித்தால், நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சி என் பொறுப்பு, வீட்டுக்குக் கம்பெனி வேன் என்று பேசி முடித்தேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள், தனியாக நோன்பு வைப்பதைவிடக் கூட்டமாக வைப்பது லேசாம். பட்டியலை எட்டிப் பார்த்த சுரேஷுக்கு ஒரு சந்தேகம். ஆம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையே, பொம்பளைங்களுக்கு மட்டும் எப்படி வருஷா வருஷம் பாக்கி விழுது என்று சத்தமாகக் கேட்டான். ஏழு பேரும் பாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஜெமீலாதான் நிமிர்ந்தாள்.

"கல்யாணம் ஆவட்டும் தம்பி, உங்க வூட்டுல வெவரமாச் சொல்லுவாங்க."

தண்ணீர்கூடவா?

அவர்கள் பட்டினியில் குடிக்கிற கஞ்சியை நான் வயிறு நிறைய இட்லியோடு எப்படி எடை போடுவது? நானும் நோன்பு இருக்கிறேன் என்று அறிவித்துவிட்டேன். சஷ்டி விரதத்துக்கே நடுவில் இளநீர் குடிக்கிறவள் நான். தண்ணீர்கூடக் கிடையாது என்பது பகல் பன்னிரண்டுக்குத்தான் முழுசாக உறைத்தது. மூன்று மணிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு வெறும் வெந்தயம் வறுபடுகிற வாசத்துக்கே கண் இருட்டியது. ஆறு மணிக்கு எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தோம், முன்னால் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி.

முதலில் கொடுத்த முப்பத்தேழாம் நம்பர் கிண்ணங்கள் இரண்டு வாயோடு நின்றுவிட்டன. காலி வயிற்றில் அந்தப் பட்டையும் கிராம்பும் நெஞ்சைக் கரித்தன, எனக்கே தாங்கவில்லை. மறுநாளே எல்லாவற்றையும் பாதிக்குக் கீழே இறக்கினேன், தண்ணியாக்கினேன், தேங்காய்ப்பாலை மட்டும் ஒரு பிடி கூட்டினேன். அடுத்த நோன்பு நாளில் அது, முப்பத்தெட்டு, தொண்டையில் இறங்கியபோது உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது பாருங்கள், அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது! எட்டுக் கிண்ணமும் காலி. அன்றைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன் என்னைப் பார்த்து ஜெமீலா சொன்னதையும் மறைக்கக் கூடாது.

"மேடம், பேரீச்சம்பழத்தை அப்படி மொறைக்காதீங்க, அது பயந்துடப் போவுது."

முதலாளியின் ருசி

பொங்கலுக்கு ஒரு வாரம். முதலாளி கூப்பிட்டனுப்பினார், காலை பதினோரு மணிக்கு! மேஜையில் பாதி கடித்த வடை. எங்கே கஞ்சி, கொண்டா பார்ப்போம் என்றார். இந்த நேரத்தில் இதை அவர் குடித்தால் சப்பென்று இருக்கிறது என்பார், மிளகாய் மெஷின் வந்துவிடும். எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, "மன்னிச்சுக்குங்க முதலாளி, இதைப் பகல்ல உங்களுக்குத் தர மாட்டேன்" என்றேன். என் கம்பெனி கஞ்சியை எனக்கே தர மாட்டியா என்றார். நோன்பு வைத்துவிட்டு வந்தால் தருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் யார் அவரிடம் அதைச் சொல்ல?

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். வடையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"போன ரமலான்ல கல்லு ஆபரேஷன் பண்ணினதுல எனக்கும் ஒம்போது பாக்கி கெடக்கு. வூட்டுல ஞாபகப்படுத்துனா எரிஞ்சு விழுவேன். இப்ப நீயும் கேட்டுட்டே. சரி, வியாழக்கெழமை வெக்கிறேன்."

வியாழக்கிழமை

அன்று மத்தியானம் முதலாளியிடம் லாரிக்காரருக்குத் திட்டு. நாலு மணிக்குச் சுரேஷுக்குத் திட்டு, என்ன காரணம் என்று இருவருக்கும் தெரியாது. ஐந்தரைக்கு அவர் பேச்சே நின்றுவிட்டது. முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசல்படியில், என் பின்னால் ஜெமீலாவும் மற்றவர்களும். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர் ஒரு மடக்கு, அப்புறம் கிண்ணத்தை எடுத்தார்.

ஒரு கிண்ணம் காலியானது. கிண்ணத்தை நீட்டினார், ஊற்றினேன். இரண்டாவதும் காலி. மூன்றாவது பாதியில் நின்றார். உப்பு ஏதும் கம்மியா என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தார். கஞ்சியை இப்படியே கப்பலேத்தச் சொல்லு, மெஷினை வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அவர் இன்னும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபுதாபி ரூமுல எட்டுப் பேரு நாங்க. நோம்பு தொறக்க ரொட்டியும் தயிரும்தான். இந்தக் கஞ்சிய நெனச்சு நெனச்சே ஒரு வருஷம் நோம்பு நேரத்துல விசாவைக் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன். இந்தப் பாக்கெட்டு அன்னைக்கே இருந்திருந்தா நான் ஊருக்கே திரும்பியிருக்க மாட்டேன்மா, அப்புறம் கம்பெனி ஏது, உனக்கு இந்த வேலைதான் ஏது?"

ஒரு பொருள் தேறுவதற்குப் படிப்பும் மூக்கும் பொறுமையும் இருந்தால் மட்டும் போதாது, குடிக்கிறவருக்குப் பசிக்கவும் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்த ஒரே ரகசியம், அதையும் சம்பளம் கொடுக்கிறவரையே ஒரு பகல் முழுக்கக் காக்கவைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.